பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்: பாகங்கள் கூடக் கூடப் புள்ளி குறைந்த ஒரு நிகழ்வு

பின்னணி

கொங்கு வட்டாரத்து ஊர் ஒன்றின் ரைஃபிள் கிளப்பில் நடந்தது இது. மாணவிக்கு 15 வயது, உயரம் 158 செ.மீ., எடை 47 கிலோ, வலக்கைக்காரர். எட்டு மாதமாகக் கிளப்பின் பொதுத் துப்பாக்கியில் பத்து மீட்டர் பயிற்சி செய்துவந்தார். 60 சுடுகளுக்கு அவருடைய சராசரி 598, அதாவது ஒரு சுடுக்கு ஏறத்தாழ 9.97. இதில் உச்சபட்சம் 654.0 என்பதை வைத்துப் பார்த்தால், எட்டு மாதத்தில் இது நல்ல தொடக்கம்.

பொதுத் துப்பாக்கியைப் பலர் பகிர்வதால் ஒவ்வொரு நாளும் தோளில் பதியும் பட் பிளேட்டும் கன்னம் பதியும் சீக் பீஸும் வேறு இடத்தில் நிற்கும். சொந்தமாக ஒன்று வாங்குவதென்று வீட்டில் முடிவானது. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாததால், அலுமினிய ஸ்டாக் கொண்ட ஜெர்மானியத் தயாரிப்பு ஒன்றைப் பழையதாக வாங்கினார்கள். அழுத்தக் காற்றுச் சிலிண்டரில் இயங்கும் வகை. கூடவே இரண்டு சிலிண்டர்களும் ஒரு கைப்பிடியும் வந்தன. 0.177 அங்குலத்தைத் தாண்டாத துளையும் 20 ஜூலைத் தாண்டாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கிகள் சுமார் 7.5 ஜூலில் வேலை செய்பவை என்பதால் அந்தப் பக்கம் சிக்கல் எழவில்லை.

முதலில் பூட்டியவை

துப்பாக்கி கைக்கு வந்த இரண்டே வாரத்தில் பாகங்கள் வந்து சேர்ந்தன. மூத்த வீரர் ஒருவர் தன் துப்பாக்கியில் என்னென்ன வைத்திருந்தாரோ அதுவே பட்டியலானது: குழல் முனையில் மாட்டும் நீட்டுக் குழாய், 100 கிராம் எடைக்கட்டிகள் இரண்டு, பின் சைட்டில் (குறிபார்க்கும் துளையில்) மாட்டும், வண்ண ஃபில்ட்டர் வைத்த ஐரிஸ், முன் சைட்டில் வைக்கும் 3.2 மி.மீ. வளையம். கைப்பிடி பழைய உரிமையாளருடையது, ‘எல்’ அளவு. டிரிகரை இழுக்கத் தேவையான எடையை அந்த மூத்த வீரரே தன் விரலுக்குத் தோதாக 55 கிராமுக்கு இறக்கிக் கொடுத்தார். ஜாக்கெட் உறவுக்காரப் பெண் ஒருவருடையது.

எதுவும் மட்டமான பொருள் இல்லை. ஆனால் அந்த மூத்த வீரர் 180 செ.மீ. உயரம், 78 கிலோ.

தென்பட்டது

ஆறு வாரம் கழித்துச் சராசரி 589-க்கு இறங்கியது. புதுத் துப்பாக்கி பழகும்வரை கொஞ்சம் இறங்கும் என்று முதல் மூன்று வாரம் விட்டுவைத்தார் கோச். பிறகு பத்துப் பத்து சுடுகளாகப் பிரித்துத் தாளில் எழுதிப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

முதல் நாற்பது சுடுகள் கிடைமட்டமாகப் பரவின. கடைசி இருபது செங்குத்தாகக் கீழே இழுத்தன. இந்த இரண்டுக்கும் ஒட்டாமல், ஒவ்வொரு தொடரின் முதல் சுடும் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சுடும் முதல் சுடும் தனியாக மேலே போய் உட்கார்ந்தன. இலக்கில் நிறுத்தும் நேரமும் நீண்டிருந்தது. மூச்சை நிறுத்தி டிரிகரை விடுவதற்குள் 14 வினாடி வரை ஆனது. எட்டுப் பத்து வினாடியைத் தாண்டினால் கண் களைத்துப்போகும். அமர்வுக்கு ஒரு முறையாவது எண்ணாமலே சுடு கிளம்பியது.

கேட்டதற்கு மாணவி சொன்னது இவ்வளவுதான்: “முன்னாடி இழுக்குதுங்க சார். கடைசில இடுப்பு எரியுது.” பதிவேட்டில் இருந்த எண்களைக் காட்டிலும் இந்த ஒரு வரி பின்னால் அதிகம் உதவியது.

முதல் முடிவு: ஆளை விலக்கிவிட்டுச் சோதிப்பது

நிற்கும் நிலையைத் திருத்தலாம் என்பதுதான் கோச்சின் முதல் எண்ணம். அதை ஒத்திவைத்துவிட்டுத் துப்பாக்கியை மட்டும் மேசையில் பிடிகருவியில் பூட்டிச் சோதித்தார்கள். காரணம் எளிது. துப்பாக்கியே ஒரே இடத்தில் சுடவில்லை என்றால் ஆளைத் திருத்துவது வீண்; எந்த மாற்றம் பலன் தந்தது என்றும் தெரியாமல் போகும்.

பிடிகருவியில் பூட்டும்போது செய்யக்கூடாத ஒன்று உண்டு. குழலைப் பிடித்து இறுக்கக்கூடாது, இயங்கு பகுதியைத்தான் பிடிக்க வேண்டும். குழலில் அழுத்தம் விழுந்தால் குரூப், அதாவது சுடுகள் விழும் கூட்டம், மாறிவிடும். பெல்லட் (ஈயக் குண்டு) மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் பதினைந்து சுடுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. முந்தைய பெல்லட்டின் ஈயப் படிவு அகன்று புதியது படிய அவ்வளவு தேவை.

கையில் இருந்த பெல்லட்டில் பத்து சுடுகள் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை 8.5 மி.மீ. விரிந்தன. பெல்லட்டின் விட்டமே 4.5 மி.மீ. என்பதால் மையங்கள் 4 மி.மீ. பரப்பில் சிதறியிருக்கின்றன என்று பொருள். மின்னணு இலக்கில் 0.25 மி.மீ. விலகினால் 0.1 புள்ளி போகும், மையத்திலிருந்து 2.5 மி.மீ. விலகினால் 10.0. ஆக, மாணவி அசையாமல் நின்றாலும் ஓரத்துச் சுடு ஒன்றுக்கு 0.8 புள்ளியைத் துப்பாக்கியே தின்றுகொண்டிருந்தது.

பெல்லட்

டப்பாவைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கடையில் கொடுத்தது 0.49 கிராம் இலகு வகை, பிஸ்டலுக்கு அதிகம் பயன்படுவது. ரைஃபிளுக்கு வழக்கமாகப் போவது 0.53 கிராம். இலகு பெல்லட் எல்லா ரைஃபிளிலும் மோசமாகப் போகும் என்றில்லை; இந்தக் குழலுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

0.53 கிராமில் இரண்டு தயாரிப்புகள், ஒவ்வொன்றிலும் 4.49, 4.50, 4.51 மி.மீ. தலை அளவுகள், ஆக ஆறு டப்பா எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் பத்து பத்தாக மூன்று குரூப். நான்கு டப்பாக்கள் 6.5 முதல் 7.5 மி.மீ. வரை நின்றன. 4.49 ஒன்று 8-ஐத் தாண்டியது. 4.50 ஒன்று மட்டும் மூன்று குரூப்பிலும் 5.7, 5.9, 5.8 என்று வந்தது. அதே உற்பத்தித் தொகுதி எண்ணில் பத்து டப்பா, அதாவது 5,000 பெல்லட், உடனே வாங்கி வைத்தார்கள். தொகுதி எண் மாறினால் அதே பெயரும் அதே தலை அளவும் வேறு மாதிரி சுடும். ஒரே அரை நாளில் முடிந்த இந்தச் சோதனைக்கு ஆன செலவு, வண்ண ஃபில்ட்டர் வைத்த ஐரிஸின் விலையில் பாதிகூட இல்லை.

சிலிண்டரும் ரெகுலேட்டரும்

பிடிகருவியில் இருந்தபோதே முதல் சுடு மேலே போகும் புதிரும் அவிழ்ந்தது. வேகமானியை வைத்து அளந்தார்கள். தொடர்ந்து சுடும்போது நொடிக்கு 172 மீட்டர், ஒன்றிரண்டு மீட்டர் ஏற்ற இறக்கம். ஐந்து நிமிடம் சும்மா விட்டுச் சுட்டால் 181. சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் உள்ளறைக்கு அனுப்பும் ரெகுலேட்டர் முழுதாக மூடாமல் காற்று மெல்லக் கசிந்து உள்ளறையின் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. நொடிக்கு ஒன்பது மீட்டர் வேறுபாடு பத்து மீட்டர் தூரத்தில் எங்கே தெரியப்போகிறது என்று தோன்றலாம். பெல்லட் பறக்கும் நேரம் குறைவதால் விழும் அளவும் குறைகிறது. கணக்குப் போட்டால் சுமார் 1.7 மி.மீ. மேலே வரும். அது ஏறத்தாழ 0.7 புள்ளி.

ரெகுலேட்டரைக் கிளப்பில் திறக்கவில்லை. அழுத்தத்தில் இருக்கும் பாகம் அது. தயாரிப்பாளரின் சேவை ஆளிடம் அனுப்பி உள் சீல்களை மாற்றினார்கள். மூன்று வாரம் பிடித்தது. திரும்பி வந்த பிறகு முதல் சுடும் ஐம்பதாவது சுடும் நொடிக்கு இரண்டு மீட்டருக்குள் நின்றன.

இந்த வேலையின் நடுவில்தான் சிலிண்டர்களின் மேல் பொறித்த தேதியை யாரோ ஒருவர் படித்தார். ஒன்று பத்து ஆண்டைத் தாண்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது. மற்றதற்கு இன்னும் ஏழு மாதம். பத்து ஆண்டுக்குள் இருப்பதைப் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்பது பன்னாட்டுச் சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் விதி. விதி இல்லாவிட்டாலும் 200 பார் அழுத்தத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் விஷயம் இது. பழையதைக் காலி செய்து ஒதுக்கிவிட்டு, புதிதாக ஒன்று வாங்கினார்கள். பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள், சிலிண்டர் தேதியைப் பார்ப்பதில்லை.

நிரப்பும் முறையையும் மாற்றினார்கள். அதுவரை பெரிய டைவிங் பாட்டிலிலிருந்து வால்வைச் சட்டெனத் திறந்து நிரப்பிக்கொண்டிருந்தார்கள். வேகமாக நிரம்பினால் காற்று சூடேறி கேஜ் 200 காட்டும். ஆறியதும் 180-க்கு இறங்கிவிடும். இறங்கியதைப் பார்த்து மறுபடி நிரப்புவார்கள். இப்போது வால்வை மெல்லத் திறந்து, கேஜை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிரப்புகிறார்கள்.

உடம்புக்குப் பொருத்துதல்

துப்பாக்கி சேவைக்குப் போயிருந்த மூன்று வாரமும் வீணாகவில்லை. கிளப் துப்பாக்கியை வைத்தே மாணவியின் அளவுகளை எடுத்தார்கள். பிறகு அவற்றைச் சொந்தத் துப்பாக்கிக்கு மாற்றினார்கள்.

முதலில் கைப்பிடி. ‘எல்’ அளவில் மாணவியின் சுட்டுவிரல் நுனி டிரிகரின் பக்கவாட்டில்தான் எட்டியது. விரல் நேராகப் பின்னோக்கி இழுக்காமல் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. கிடைமட்டப் பரவலுக்குப் பெரும் காரணம் இதுதான். ‘எஸ்’ அளவு மாட்டி, டிரிகர் பிளேடை 6 மி.மீ. பின்னுக்கு நகர்த்தியதும் விரலின் முதல் கணுவின் சதைப்பகுதி பிளேடின் நடுவில் உட்கார்ந்தது. டிரிகர் எடையை முதல் கட்டம் 60, இரண்டாம் கட்டம் 40 என மொத்தம் 100 கிராமுக்கு ஏற்றினார்கள். ஏர் ரைஃபிளில் டிரிகர் எடைக்குக் குறைந்தபட்சம் கிடையாது என்பதால் பலரும் இறக்கிக்கொண்டே போகிறார்கள். முதல் கட்டத்தின் முடிவு விரலுக்குத் தெரியாத அளவுக்கு இறக்கினால் சுடு எப்போது கிளம்பும் என்பது டிரிகரின் கையில் இருக்கும். 100 கிராம் வைத்த பிறகு எண்ணாமல் கிளம்பும் சுடு ஒன்றுகூட வரவில்லை.

அடுத்து தலை. மாணவிக்குக் கழுத்து நீளம். சீக் பீஸில் கன்னத்தை வைக்கத் தலையை முன்னும் கீழும் மடித்துக்கொண்டிருந்தார். அதைச் சரிபார்க்கும் வழி பழையதுதான். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கழுத்தைத் தளர்த்திக் கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். பின் துளையும் முன் குழாயும் ஒன்றுக்குள் ஒன்று வட்டமாகத் தெரிந்தால் சரி. அவருக்கு முன் குழாய் பிறையாக அறுபட்டுத் தெரிந்தது. இரண்டு சைட்டுக்கும் அடியில் 8 மி.மீ. உயர்த்துக் கட்டை வைத்து, சீக் பீஸையும் அதே அளவு தூக்கினார்கள். ஒரு சைட்டை மட்டும் தூக்கினால் பூஜ்யம், அதாவது குறியும் சுடும் ஒத்துப்போகும் அமைப்பு, காணாமல் போகும். சொல்லத் தேவையில்லை என்று தோன்றினாலும் நடக்கிற தவறு.

இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்ற வேண்டும். கை குட்டை என்பதால் ஊன்றினால் துப்பாக்கி தாழ்ந்தது, துப்பாக்கியைச் சரியான உயரத்தில் பிடித்தால் முழங்கை காற்றில் நின்றது. இடது கை தாங்கும் முன்பகுதியான ஃபோர் எண்டின் அடியில் கட்டை சேர்த்து, குழல் அச்சிலிருந்து 82 மி.மீ. ஆக இருந்த ஆழத்தை 108 மி.மீ. ஆக்கினார்கள். எல்லை 120 மி.மீ. இடுப்பு எரிச்சல் முதல் வாரத்திலேயே பாதியானது.

தவறிய ஒரு வாரம்

எடையையும் முன் வளையத்தையும் ஒரே நாளில் மாற்றியது பிழை. இரண்டு எடைக்கட்டிகளையும் கழற்றி, 3.2 மி.மீ. வளையத்தை எடுத்துவிட்டு 4.1 மாட்டினார்கள். நிறுத்தும் நேரம் குறைந்தது, ஆனால் முனை படபடவென்று துடித்தது. எது எதற்குக் காரணம் என்று ஐந்து நாள் யாருக்கும் புரியவில்லை.

பிறகு எடைகளைத் திரும்பப் போட்டு வளையத்தை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். வளையம் சரிதான். கணக்கும் அதையே சொல்கிறது: இலக்கின் கறுப்பு 30.5 மி.மீ.; கண்ணிலிருந்து முன் சைட் சுமார் 85 செ.மீ., இலக்கு பத்து மீட்டருக்குச் சற்றே மேல். முன் சைட் இருக்கும் தூரத்தில் கறுப்பு 2.6 மி.மீ. அளவுக்குத் தெரியும். 3.2 வளையத்தில் சுற்றிலும் 0.3 மி.மீ. வெள்ளைதான் மிஞ்சும். கறுப்பு விளிம்பில் ஒட்டுவதும் விலகுவதுமாக ஆடும்; கண் அதைத் துரத்திக்கொண்டே நேரத்தைக் கடத்தும். 4.1-ல் வெள்ளை 0.75 மி.மீ. ஆகிறது. துல்லியம் குறைந்துவிடும் என்ற பயம் வீண். அகலமான வெள்ளை வளையத்துக்குள் கறுப்பு நடுவில் இருக்கிறதா என்பதைக் கண் சுலபமாகச் சொல்லிவிடும்.

துடிப்புக்கு எடையைக் கழற்றியதே காரணம். துப்பாக்கியின் முழு எடை முதலில் 5.05 கிலோ, 5.5 எல்லைக்குள்தான். ஆனால் எடை மொத்தமும் குழல் முனையில் இருந்ததால் சமநிலைப் புள்ளி இடது கைக்கு முன்னே போயிருந்தது. இரண்டையும் எடுத்தால் முனை இலகுவாகித் துடித்தது. கடைசியில் 100 கிராம் கட்டி ஒன்றை முனையிலிருந்து இறக்கி ஃபோர் எண்டின் முன்பகுதியில் மாட்டி, மற்றதைப் பெட்டியில் போட்டார்கள். கட்டைகளையும் சேர்த்து 4.98 கிலோ. எடை ஏறக்குறைய அதேதான், உட்கார்ந்த இடம்தான் வேறு.

வண்ண ஃபில்ட்டர்களையும் கழற்றிவைத்தார்கள். அந்தச் சுடுதளத்தில் இலக்கு வெளிச்சம் ஒரே சீராக இருக்கிறது, அவற்றுக்கு வேலை இல்லை.

விதி அளவுகள்

மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு, விதி அளவுகளைச் சரிபார்க்கும் அளவுப் பெட்டியில் வைத்துப் பார்த்தபோது இரண்டு இடத்தில் இடித்தது. இயங்கு பகுதியின் பின்முனையிலிருந்து குழல் முனை வரை 850 மி.மீ. தாண்டக்கூடாது, நீட்டுக் குழாய் வேறொரு மாடலுக்கு உரியது என்பதால் 856 வந்தது. பட் பிளேட்டின் கீழ் முனை குழல் அச்சிலிருந்து 220 மி.மீ. எல்லையைத் தாண்டி 224-ல் நின்றது. பொருத்தும்போது பட் பிளேட்டை இறக்கியதன் விளைவு அது. நீட்டுக் குழாயைச் சிறியதாக மாற்றி 838-க்குக் கொண்டுவந்தார்கள். பட் பிளேட்டை 5 மி.மீ. தூக்கினார்கள். அந்த 5 மி.மீ.க்கு உடம்பு பழக ஒரு வாரம் போனது.

இரவல் ஜாக்கெட்டின் தடிமன் ஓரிடத்தில் 2.7 மி.மீ. எல்லை 2.5. போதாததற்கு இரண்டு அளவு பெரியது. கேன்வாஸ் மடிந்த இடத்தில் பட் பிளேட் ஒவ்வொரு சுடுக்கும் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்தது. அளவெடுத்து ஒன்று தைக்கக் கொடுத்தார்கள். குளிர்சாதனம் இல்லாத சுடுதளத்தில் ஏப்ரல் மாதம் அதைப் போட்டுக்கொண்டு 75 நிமிடம் நிற்பது தனிப் பயிற்சி. வியர்வையில் ஊறிய ஜாக்கெட்டை வெயிலில் போடாமல் நிழலில் ஹாங்கரில் காயவைக்கச் சொன்னார்கள்.

விளைவு

எல்லாம் அதனதன் இடத்துக்கு வரவர, பிடிகருவிச் சோதனையிலிருந்து நான்கு மாதத்தில் சராசரி 607 ஆனது. மாநிலப் போட்டியில் உபகரணச் சோதனையை முதல் முறையிலேயே கடந்து 609.4 எடுத்தார். கடைசி இருபது சுடுகள் கீழே இழுப்பது முழுதாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. அது இனி உடற்பயிற்சியின் கணக்கு, துப்பாக்கியின் கணக்கு இல்லை.

589-லிருந்து ஏறிய இந்த 18 புள்ளியில் எவ்வளவு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது சுலபமில்லை. பெல்லட்டும் ரெகுலேட்டரும் தந்த பங்கைப் பிடிகருவித் தாள்கள் காட்டுகின்றன. கைப்பிடி, தலை, முழங்கை மாற்றங்களோடு மாணவியின் பழக்கமும் சேர்ந்தே வளர்ந்தது.

மறுபடி செய்வதானால்

பணம் போன வரிசை தலைகீழாக மாறும். சிலிண்டர் தேதி, வேகமானி, அளவுப் பெட்டி இந்த மூன்றும் துப்பாக்கிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே முடியும். ரெகுலேட்டர் கசிவு அன்றைக்கே தெரிந்திருந்தால் விலையில் கழித்திருக்கலாம். அதன்பின் பெல்லட் சோதனை. பிறகு தைத்த ஜாக்கெட், ஏனென்றால் ஜாக்கெட் மாறினால் பட் பிளேட்டின் அளவு எல்லாம் மாறும். இங்கே ஜாக்கெட் கடைசியாக வந்ததால் பட் பிளேட்டை இரண்டாம் முறை பொருத்த வேண்டியிருந்தது. எடைக்கட்டி, நீட்டுக் குழாய், ஐரிஸ் எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான். ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது 200 சுடுகள் விட வேண்டும், ஒவ்வொன்றின் மில்லிமீட்டரும் தேதியோடு நோட்டில் ஏற வேண்டும்.

பெல்லட் கணக்கும் தவறியது. மாதம் 1,500 சுடுகள் போகும்போது 5,000 பெல்லட் மூன்று மாதம் சொச்சம்தான் தாங்கும். போட்டி முடிந்த மறுவாரம் கடைசி டப்பா தீர்ந்தது. அதே பெயர், அதே 4.50, வேறு தொகுதி எண். பிடிகருவியில் 6.8 மி.மீ. வந்தது, மறுபடியும் ஆறு டப்பாவோடு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.